கையை மறக்க வேண்டிய குட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம், எங்கள் தோட்டத்தில் பேக்கோ இயந்திரம் இறங்கிப் பாரிட் என்கிற வாய்க்காலைத் தோண்டிய வாரம் அது. அடைமழைக்கு முன்னால் வாய்க்காலில் ஏறிய சேற்றை அள்ளிக் கரையில் கொட்டுவது வழக்கமான வேலைதான். சாயங்காலம் இயந்திரம் ஓய்ந்த பிறகு கரையோரப் புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குருவிக்குஞ்சு கத்துகிற மாதிரி மெல்லிசாக, விடாமல். உரம் போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் புல்லை விலக்கிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில், ஈரத்தில் ஒட்டிய முடியோடு, ஒரு கையில் அடங்கும் குட்டி. எலி என்றார் ஒருவர். மூசாங் குட்டி, அதாவது மரநாய்க் குட்டி, என்றார் இன்னொருவர். விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வைப் பார்த்துவிட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் சொன்னார்: "மெமெராங் குட்டி இது. நீர்நாய்."

குட்டி நேராக ஆயாம்மாவிடம் போனது. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் முப்பது வருஷம் பிள்ளை பார்த்தவர் அவர். ரப்பர் பால் வெட்டப்போன தாய்மார்கள் விடியுமுன் கொண்டுவந்து போட்ட பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்த்தது அந்தக் கைதான், என்னையும் சேர்த்து. டின் பாலை வெந்நீரில் கரைத்தார். பழைய பால்புட்டியில் ஊற்றினார். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் மல்லாத்திப் போட்டுப் புகட்டினார். முதல் நாள் குடித்தது. இரண்டாம் நாள் வயிற்றால் போனது. மூன்றாம் நாள் ராத்திரி செத்துப்போனது. "மூக்கு வழியா பால் நுரைநுரையா வந்துச்சு தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. தாயில்லாக் குட்டியை உயிரோடு காப்பாற்றுவது வேலையின் முதல் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, அது நம்மை விட்டுப் போகும்படி வளர்ப்பது. பிள்ளை வளர்த்த கைக்கு அது மிகவும் கஷ்டமான வேலை.

மலேசியாவில் நான்கு வகை நீர்நாய்கள் உண்டு. செம்பனைத் தோட்ட வாய்க்கால்களிலும், ஆற்று முகத்துவாரங்களிலும், அலையாத்திக் காடுகளிலும் கூட்டமாக நீந்துவது பெரும்பாலும் வழவழப்பான ரோமம் கொண்ட பெரிய இனம். வளர்ந்தது 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். நண்டும் நத்தையும் தேடிச் சேற்றைத் துழாவுகிற சிறுநக நீர்நாய், உலகத்து நீர்நாய்களிலேயே சின்னது, 5 கிலோவைத் தாண்டுவது அரிது. மூக்கு நுனியிலும் முடி மூடிய மூன்றாவது இனம், அழியும் அபாயத்தில் இருப்பது, பெரும்பாலோர் பார்த்தே இருக்க மாட்டார்கள். நான்காவதான யூரேசிய நீர்நாய், பல்லாண்டுகளாகக் காணாமலிருந்து 2014இல் சபா மாநிலத்தில் தானியங்கிக் கேமராவில் சிக்கியது.

எங்கள் பக்கத்து நிலம் இவற்றுக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் கடைமடை இது. தாழ்வான, தட்டையான மண். கடல் தண்ணீர் ஏறாமல் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வாய்க்காலாக வெட்டித்தான் தென்னையும் செம்பனையும் நட்டார்கள். அந்த வாய்க்கால்களில் விரால் உண்டு, கெளுத்தி உண்டு, திலாப்பியா உண்டு. கரை மண் மெத்தென்றிருப்பதால் வளை தோண்டலாம். நீர்நாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? மருத நிலத்துப் பொய்கையில் நீர்நாய் வாளைமீனைக் காலை இரையாகத் தேடுகிறது என்று சங்கப் புலவர்கள் பாடி வைத்தது, எங்கள் பாரிட் ஓரத்தில் இன்றும் விடிகாலை ஆறரை மணிக்கு நடக்கிறது.

அதே வாய்க்கால்தான் குட்டிகளை அனாதையாக்கவும் செய்கிறது. கரையை வழித்துச் சேறு அள்ளும்போது வளை இடிகிறது. மீன் குளம் வைத்திருப்பவர்கள் கண்ணி வைக்கிறார்கள். வலையில் சிக்கித் தாய் மூழ்குகிறது. தோட்டத்தைக் கிழித்துப் போகும் தார்ச்சாலையில் லாரி அடிக்கிறது. தெருநாய்க் கூட்டம் துரத்துகிறது. இவை போக, வளர்ப்புக்காகக் குட்டி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் இந்த வியாபாரம் சமூக ஊடகங்கள் வழியாகப் பெருகியது. ஜப்பானில் நீர்நாயைத் தொட்டு விளையாடும் காப்பிக் கடைகளே வந்தன. குட்டியைப் பிடிக்கப் பெரும்பாலும் பெரியவற்றைக் கொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் நீர்நாய்க் குடும்பம் குட்டியை விட்டுக்கொடுக்காது. காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, 2019இல் ஜெனீவாவில் கூடியபோது, இந்த இரண்டு இனங்களையும், வழவழ ரோம நீர்நாயையும் சிறுநக நீர்நாயையும், முதல் பட்டியலுக்கு ஏற்றியது. வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது அத்தோடு தடையானது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே இவற்றுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பாவப்பட்டு எடுத்து வந்தாலும், அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம்தான்.

இனி அந்தச் சாயங்காலத்துக்கே திரும்புகிறேன். புல்லுக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டி உண்மையிலேயே அனாதைதானா? இந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வழவழ ரோம நீர்நாய் குடும்பமாக வாழும் பிராணி. அப்பன், ஆத்தா, போன வருஷத்துப் பிள்ளைகள், இந்த வருஷத்துக் குட்டிகள் என்று பத்து வரை சேர்ந்திருக்கும். வளைக்கு ஆபத்து வந்தால் தாய் குட்டிகளைக் கழுத்துத் தோலைக் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றும். நான்கு குட்டி என்றால் நான்கு நடை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே அரை மணியும் ஆகலாம், ஆள் நடமாட்டம் அடங்க இருட்டும் வரையும் ஆகலாம். அந்த இடைவெளியில் கரையில் தனியாகக் கத்துவது அனாதை கிடையாது, தன் முறைக்குக் காத்திருக்கும் குட்டி. அந்தக் கீச்சுச் சத்தமே தாயைக் கூப்பிடும் சத்தம்தான். சிங்கப்பூரில் கூட்டத்தைப் பிரிந்த குட்டியைத் தேற்றி மறுபடி அதன் குடும்பத்தோடே சேர்த்திருக்கிறார்கள். தாய் ஏற்றுக்கொண்டது. மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் ஊரில் சொல்வதை இந்த விஷயத்தில் நம்பத் தேவையில்லை.

ஆகவே குட்டிக்குக் காயமில்லை, உடம்பு சூடாக இருக்கிறது, ஈ மொய்க்கவில்லை, பக்கத்தில் செத்த தாய் கிடக்கவில்லை என்றால் தொடக் கூடாது. நாய்களைப் பிடித்துக் கட்ட வேண்டும். ஆட்களை அனுப்பிவிட்டு, தூரத்தில் காற்று நம் பக்கம் வீசும் இடமாகப் பார்த்து மறைந்து நிற்க வேண்டும்.

இதை நான் ஆயாம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அப்ப அன்னிக்கு அதோட ஆத்தா வந்து தேடியிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெரிய பாரிட்டில் மறுபடி அதே கீச்சுச் சத்தம். பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். இந்த முறை எல்லாரையும் தடுத்தவர் ஆயாம்மாதான். "யாரும் கிட்டப் போகாதீங்க. அதோட ஆத்தா வருவா." ஐந்து மணியிலிருந்து ஒரு செம்பனை மரத்தடியில், கொசுக்கடியில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால். சூரா எனும் சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து மஃரிப் பாங்கு, அந்திநேரத் தொழுகை அழைப்பு, கேட்டு, வெளிச்சம் ஏறக்குறைய போய்விட்டது. தண்ணீரில் ஒரு கோடு கிழிபட்டது. தட்டைத் தலை ஒன்று மேலே வந்தது, சுற்றிப் பார்த்தது, புஸ் என்று மூச்சு விட்டது. கரையேறிக் குட்டியைக் கழுத்தில் கவ்வி ஒரே இழுப்பில் தண்ணீருக்குள் போய்விட்டது. எல்லாம் பத்து எண்ணும் நேரம். ஆயாம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

ஆனால் எல்லாத் தாயும் வருவதில்லை. வராதபோது அடுத்த சில மணி நேரத்தில் செய்வதும் செய்யாததும்தான் குட்டியின் உயிர்.

முதலில் வேண்டியது சூடு, பால் பிறகுதான். இளங்குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்குப் போர்வை. குளிர்ந்து போன குட்டியின் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் பால் ஊற்றினால் வயிற்றிலேயே கெட்டுப்போகும். அட்டைப்பெட்டியில் நூல் பிரியாத துண்டு விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைப்பதுதான் நம்மால் ஆன உதவி. பிறகு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்குத் தொலைபேசி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி: காயம்பட்ட, பறிமுதலான விலங்குகளைப் பராமரிக்க அந்தத் துறை நடத்தும் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இதே பேராக்கில், சுங்காயில்தான் இருக்கிறது.

ஆயாம்மாவின் டின் பாலுக்கு வருகிறேன். நீர்நாய்த் தாயின் பாலில் கொழுப்பு மிக அதிகம், பால்சர்க்கரை மிகக் குறைவு. பசும்பால் இதற்கு நேர் எதிர். டின் பாலில் அதற்கு மேல் சீனி வேறு. அவ்வளவு சர்க்கரையைக் குட்டியின் குடல் தாங்காது. வயிற்றால் போகும், இரண்டே நாளில் உடம்பு நீரெல்லாம் வற்றும். விவரம் தெரிந்தவர்கள் முதல் வேளைகளில் பாலே தருவதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைத் தந்து, பிறகு நாய்க்குட்டி அல்லது பூனைக்குட்டிக்கென்று விற்கும் மாற்றுப்பாலை நீர்க்கக் கரைத்துத் தொடங்கி, நாளுக்கு நாள் கெட்டியாக்குகிறார்கள். ராத்திரி பகல் பாராமல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை.

மல்லாத்திப் போட்டது அதைவிடப் பெரிய தவறு. மனிதப் பிள்ளை மல்லாந்து குடிக்கும். நீர்நாய்க்குட்டி குப்புறப் படுத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் குடிக்கும். மல்லாத்தினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போகும். அப்புறம் நிமோனியாதான். மூக்கில் நுரை வந்தது அதனால். இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாது: இந்த வயதில் குட்டி தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிக் கொடுத்துத்தான் போக வைக்கும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஒவ்வொரு வேளைக்கும் பின் தடவிவிட வேண்டும்.

நீர்நாய் என்றாலே தண்ணீர் என்று நினைத்துக் குட்டியைப் பேசினில் விடுபவர்கள் உண்டு. குட்டிக்கு நீந்தத் தெரியாது. அதன் பஞ்சுமுடி தண்ணீரை உறிஞ்சும். வளர்ந்த நீர்நாயின் ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கு காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை நனைய விடாது. அந்த ரோமம் வரும் வரை தண்ணீர் என்பது குட்டிக்குக் குளிரும் ஆபத்தும்தான். காட்டில் தாய்தான் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் போகிறது. குட்டி கத்திக்கொண்டே போகும். மீட்பு மையத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஏறித் துவட்டிக்கொள்ளக் காய்ந்த வைக்கோலோ துணியோ வைத்து, வாரக்கணக்கில் ஆழத்தைக் கூட்டுகிறார்கள். ரோமம் தன்னைத்தானே கோதிப் பராமரித்தால்தான் நீர் ஒட்டாது. காய இடமில்லாத கூண்டில் வளர்ந்த நீர்நாய் தண்ணீரிலேயே குளிரில் வாடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியது. கற்றுக்கொண்டும் மனம் ஒப்பாமல் தடுமாறுவது இனிமேல்தான்.

மூன்று மாதக் குட்டி எதைப் பார்த்தாலும் விளையாடும். காலைச் சுற்றி ஓடும், செருப்பை இழுக்கும், மார்பில் ஏறித் தூங்கும். சமூகப் பிராணியல்லவா, யாராவது அதற்கு வேண்டும். நாம்தான் அந்த யாராவது என்று ஆகிவிட்டால் காரியம் கெட்டது. மனிதரைக் கண்டு ஓடாத நீர்நாயைத் தோட்டத்துப் பாரிட்டில் விட்டால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். மீன் குளத்துக்காரரிடமே நடந்து போகும். நாயிடம் விளையாடப் போகும். பருவம் வந்ததும் தன் ஆதிக்கத்தைக் காட்ட நம் பிள்ளையின் காலைக் கடிக்கும். நண்டு ஓட்டை உடைக்கும் பல் அது. அப்புறம் அடித்துக் கொல்வார்கள், அல்லது பிடித்து விற்பார்கள், அல்லது ஆயுள் முழுக்கக் கூண்டு. கூண்டு வாழ்க்கை வசதியானது என்று நினைக்க வேண்டாம். கூண்டில் வளரும் சிறுநக நீர்நாய்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது விலங்கு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

அதனால் நல்ல மையங்களில் முதல் வேலையே துணை தேடுவதுதான். ஒற்றைக் குட்டி வந்தால், ஒத்த வயதில் இன்னொரு அனாதைக் குட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று மற்ற மையங்களில் கேட்கிறார்கள். இரண்டு குட்டி சேர்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒன்றை ஒன்று கடித்து, கோதி, கட்டிப்பிடித்துத் தூங்கி, நீர்நாயாகவே இருப்பது எப்படி என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுத்துக்கொள்ளும். பால் மறந்ததும் மனிதர் விலக ஆரம்பிக்க வேண்டும். ஒரே ஒருவர்தான் உணவு வைப்பது. பேசாமல், பெயர் வைக்காமல், மறைப்புக்குப் பின்னாலிருந்து. மீன் எப்போதும் கையிலிருந்து வரக் கூடாது, தண்ணீரிலிருந்தே வர வேண்டும். முதலில் செத்த மீன், முள்ளோடும் தலையோடும். பிறகு தொட்டியில் உயிருள்ள சின்னத் திலாப்பியா. பிறகு செடியும் குழாயும் போட்டு மீன் ஒளிந்துகொள்ள இடமுள்ள குளம். உறைய வைத்த மீனையே தொடர்ந்து போட்டால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு தளரும் என்பதால் அதையும் கவனித்துச் சேர்க்க வேண்டும். உடல் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஒரு நாளைக்குத் தின்னும் பிராணி இது. செலவும் உழைப்பும் கொஞ்சமல்ல.

எத்தனை நாள்? ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1993 முதல் இயங்கும் நீர்நாய் காப்பு நிறுவனம் ஒன்று யூரேசிய நீர்நாய்க் குட்டிகளை ஏறத்தாழ ஒரு வருஷம் வைத்திருந்துதான் விடுகிறது. காட்டில் அந்த இனத்துக் குட்டி தாயோடு இருக்கும் காலம் அது. நம் பக்கத்து இனங்கள் குடும்பமாக வாழ்பவை. ஒரு வருஷம் ஆனாலும் தனியாக ஒன்றைக் கொண்டுபோய் விடுவது பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். சோடியாக, முடிந்தால் மூன்று நான்காகத்தான் விட வேண்டும்.

எங்கே விடுவது என்பதில் நம்மவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். "ஆத்துல விட்டா போயிடும்" என்கிறார்கள். நல்ல ஆறு என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கும். கற்களிலும் கரை மேட்டிலும் எச்சமிட்டு எல்லை குறித்து வைத்திருக்கும். எல்லை தாண்டி வந்த அந்நியர்களைக் கூட்டமாகச் சேர்ந்து துரத்தும். கடித்தே கொல்வதும் உண்டு. நீர்நாயே இல்லாத ஆறு என்றால், ஏன் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். மீன் இல்லையா, கண்ணி வைக்கிறார்களா, மேலேயிருந்து ஆலைக் கழிவு வருகிறதா. விடுமுன் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள் நீர்நாயையும் தாக்கக் கூடியவை. நோயோடு ஒன்றை விட்டால் ஆற்றிலிருக்கும் ஆரோக்கியமான குடும்பமே போய்விடும்.

இடம் கிடைத்த பிறகும் கதவைத் திறந்து துரத்திவிடுவதில்லை. தண்ணீரோரம் கம்பிவேலி அடைப்பு கட்டி, அந்த ஆற்றின் சத்தமும் வாசமும் பழகும் வரை சில வாரம் அதற்குள் வைக்கிறார்கள். ஒரு மாலை வாசலைத் திறந்து வைக்கிறார்கள். உள்ளே உணவு தொடர்ந்து இருக்கும். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். பிறகு ராத்திரி போய்க் காலையில் வரும். ஒரு நாள் வைத்த மீன் அப்படியே கிடக்கும்.

அதன் பிறகு அவை உயிரோடு இருக்கின்றனவா என்று அறிவதும் சிரமம். புலிக்கும் யானைக்கும் மாட்டுவதுபோலக் கழுத்துப் பட்டை மாட்ட முடியாது. நீர்நாயின் கழுத்து தலை அளவுக்கே தடித்தது, பட்டை வழுக்கிக் கழன்றுவிடும். அறுவை செய்து வயிற்றுக்குள் கருவி வைப்பது ஒரு வழி. மற்றபடி தானியங்கிக் கேமராவும், கால்தடமும், எச்சமும்தான். ஐந்து விரலும் பதிந்து, நடுவே சவ்வின் கோடு தெரிந்தால் நீர்நாய். எச்சத்தில் செதிள் மினுங்கும். வாசம் ஒருமுறை முகர்ந்தால் மறக்காது, கருவாட்டுக் கூடை வாசம்.

இத்தனையும் ஒரு குட்டிக்கு. ஒரு வருஷம், நூற்றுக்கணக்கான கிலோ மீன், மருத்துவர், அடைப்பு, ஆள். எல்லாம் சரியாக நடந்தும் பிழைக்காமல் போகலாம். அதே குட்டியைக் கரையில் காத்திருந்து தாயிடம் விட ஆயாம்மாவுக்கு ஆனது இரண்டரை மணி நேரம். வளை இடியாமல் பார்த்துக்கொள்ள அதுவும் வேண்டாம். 1998இல் சிங்கப்பூரின் சுங்கை பூலோவில் நீர்நாய்கள் மறுபடி தலைகாட்டியபோது யாரும் அவற்றைக் கொண்டுபோய் விடவில்லை. ஜொகூர் நீரிணையைத் தாண்டி நம் பக்கத்திலிருந்து நீந்திப் போனவை என்றே கருதுகிறார்கள். தண்ணீர் சுத்தமாகி மீன் திரும்பியதும் இவையும் திரும்பின.

இதையெல்லாம் சொல்லிப் போன வருஷம் பேக்கோ ஓட்டுகிற குத்தகைக்காரரிடம் பேசினேன். இரண்டே விஷயம் கேட்டேன். இறங்குமுன் கரையோரம் ஒருமுறை நடந்து வளை வாய் இருக்கிறதா, புதிய எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரே வருஷத்தில் இரண்டு கரையையும் வழிக்காமல், இந்த வருஷம் கிழக்கு, அடுத்த வருஷம் மேற்கு என்று விடுவது. புல் நிற்கும் கரையில் மண்ணும் சரியாது, தோட்டத்துக்கே அது நல்லது என்று அவரே சேர்த்துச் சொன்னார். மேனேஜரிடமும் அவர்தான் பேசினார்.

இந்த முறை சேறு அள்ளி முடித்து மூன்றாம் நாள் விடிகாலை, மதகுப் பக்கம் ஆயாம்மாவோடு போனேன். மேற்குக் கரையில் புல் இடுப்பளவு நின்றது. மதகுக் கல்லின் மேல் புதிய எச்சம், செதிளும் முள்ளுமாக. அவர் குனிந்து பார்த்தார். கல்லுக்குக் கீழே ஈர மண்ணில் பெரிய தடங்களுக்கு நடுவே சின்னத் தடங்களும் இருந்தன. விரலால் தொடாமல், காற்றிலேயே ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினார்.

"மூணு" என்றார்.